பலகை தட்டிய இங்கிலீஷ்

எட்டாம் வகுப்புக்குப் போகும்வரை இங்கிலீஷ் என்றால் எனக்குக் கைடுதான். அதில் இருக்கும் பதிலை நோட்டில் இறக்கினால் பாடம் முடிந்தது. அந்த வருஷம் புதிதாக வந்த மிஸ் முதல் வாரமே கைடை மூடச் சொல்லிவிட்டார். "கதை எழுதப் போறோம். இங்கிலீஷ்ல. உங்க சொந்தக் கதை" என்றார். பாதி வகுப்புக்கு முகம் செத்துப்போனது. எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டில் என் வாயை அடைக்க ஆள் கிடையாது. இனி அதை இங்கிலீஷிலும் திறக்கலாம்.

கதை எங்கே நடக்கிறது, யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கடைசியில் என்ன ஆகிறது என்று மிஸ் போர்டில் எழுதிப் போட்டார். என் கையில் எல்லாமே இருந்தது. கோயிலில் வாங்கிய, மூங்கில் குடலையில் வெந்த இட்லியை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு மதில்மேல் ஏறிவிட, நான் அதைத் திரும்ப வாங்காமல் போவதில்லை என்று கீழே நின்ற கதை. நடந்ததுதான். நான் ஜெயித்ததாக எழுதியது மட்டும் கற்பனை.

அப்புறம்தான் மிஸ் குண்டைப் போட்டார். ஆண்டு விழாவில், எல்லார் வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்க, எங்கள் வகுப்பில் ஒருவர் மட்டும் தன் கதையை மைக்கில் வாசிக்கலாம். யார் நன்றாக வாசிக்கிறார்களோ அவர்களுக்கு. அது எனக்கு வேண்டும். 

முதல் ஒத்திகையில் எழுந்து ஜோராக வாசித்தேன். மிஸ் நெற்றியைச் சுருக்கினார்.

"ஏன்மா நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிக்கிற? அங்க வாக்கியம் முடியலையே. இவ்ளோ கத்துறது வேற. நான் பக்கத்துலதான இருக்கேன்?"

ஃபேன் சத்தம் என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தோழி முனகினாள். செவிலிமேட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். நட்பு, தாட்சண்யம் எதுவும் அவளிடம் செல்லாது.

வீட்டில் வாசித்து, போனில் பதிவு செய்து அனுப்பச் சொன்னார் மிஸ். மறுநாள் அதை வகுப்பில் சத்தமாகப் போட்டார்.

எங்கள் வீடு நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில். முன்னறையில், குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்கிற குழித்தறி. காலையில் அப்பா அதில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவார். நான் படிப்பதும் அதே அறையில்தான். போனில் இப்படிக் கேட்டது: "ஒன் டே மை மதர்." டக். "அண்ட் ஐ வென்ட் டு." டக். "த டெம்பிள் அண்ட் தேர்." டக்.

நாடா இழையோடு குறுக்கே ஓடும்போது வாசித்து, பலகை அந்த இழையை அடித்து நெருக்கும்போது வாயை மூடியிருக்கிறேன். தறி பக்கத்தில் இல்லாதபோதும் என் வாய் அதே இடத்தில் நின்றிருக்கிறது. கத்தலுக்கும் அந்தத் தறிச் சத்தம்தான் காரணம். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அதிலும் அதிகமாகச் சிரித்தவர்கள் தறி வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்கள் பேசுவதும் அதே லட்சணம். மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தறி இல்லாத இடத்துல படிச்சிப் பாரும்மா" என்றார்.

மொட்டைமாடிக்குப் போனேன். அமைதியில் என் வாய்க்கு ஒன்றுமே பிடிபடவில்லை. வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அழுகையாக வந்தது. விழாவில் வாசிக்கப்போவது யார் என்று மறுநாள் மிஸ் முடிவு செய்துவிடுவார்.

அப்போதுதான் மிஸ் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. எழுதியதை வாய்விட்டுப் படிங்க, மூச்சு முட்டுற இடத்துல வாக்கியத்தை வெட்டுங்க. அட, வாயை ஏன் மாற்ற வேண்டும்? கதையை மாற்றினால் போச்சு. தடதடவென்று கீழே ஓடினேன். என்னைப் பார்த்ததும் அப்பா தறியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"படிக்கணுமா? நான் நிறுத்திக்கிறேன்மா."

"வேணாம்பா. நீ நெய்துக்கினே இரு. நிறுத்திடாத."

தறி பக்கத்தில் உட்கார்ந்து மொத்தக் கதையையும் புதிதாக எழுதினேன். பலகை அடிக்கிற இடத்தில் வாக்கியம் முடிய வேண்டும். அதிகமாக இருந்த வார்த்தையை எல்லாம் அடித்துத் தள்ளினேன். "த மங்கி கேம்." டக். "இட் லுக்ட் அட் மீ." டக். "ஐ லுக்ட் அட் இட்." டக். எனக்கே சிலிர்த்தது. நீள வாக்கியத்தில் சும்மா உட்கார்ந்திருந்த குரங்கு இப்போது நிஜமாகவே என்னை முறைத்தது.

மறுநாள் வாசித்து முடித்ததும் மிஸ் என் பக்கம் விரலை நீட்டினார். "நீதான்மா" என்றார். தோழி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

ஆண்டு விழா அன்று அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. மைக்கை என் உயரத்துக்கு இறக்கினேன். முதல் வாக்கியத்தைச் சொல்லி நின்றேன். மைதானம் அமைதியாக இருந்தது. அடுத்ததைச் சொல்லும்போது தற்செயலாக அப்பாவின் காலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, நான் நிற்கும் இடத்தில் எல்லாம் தரையை மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை வலது கால், ஒரு தடவை இடது. அவருக்கே அது தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு கடைசிவரை வாசித்தேன். "ஐ காட் மை இட்லி" என்றதும் அவர் கால் நின்றது.

வண்டியில் திரும்பும்போது கேட்டேன், "கதை புரிஞ்சிதாப்பா?"

"இங்கிலீஷ் எனக்கு இன்னாமா புரியும்?" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆனா ஒரு இழை கூட அறுந்துபோகல" என்றார்.