ரோசலின் விடை சொல்வதில்லை

குழம்பு கொதிக்கும்போதே ரோசலின் கைப்பேசியை அரிசி டின்னில் சாய்த்து வைத்துக்கொள்வார். மலேசியாவின் கிள்ளானில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடியின் பிள்ளைகள் பள்ளிப்பாடத்தோடு உட்காரும் நேரம் அது. வாட்ஸ்அப் குழுவில் கேள்விகள் வரிசையாக வந்து விழும். யானைக்குப் பிறந்தது குட்டியா, கன்றா? செடி ஏன் ஜன்னல் பக்கமே சாய்கிறது? மலாக்கா எந்த ஆண்டு போர்த்துகீசியர் கையில் விழுந்தது? ரோசலின் கரண்டியில் உப்புப் பார்த்துவிட்டு, ரொட்டித் துண்டைக் கடிக்கப் போவதுபோல் கைப்பேசியை வாயருகே பிடித்துப் பேசுவார். "நீ என்னான்னு நெனைக்கிற? அத மொதல்ல சொல்லு லா."

பகலில் பல் மருத்துவமனை ஒன்றின் கவுண்டரில் பெயர் பதிகிற வேலை. சர்ச்சில் கொடுக்கும் அறிக்கைத் தாளைக்கூடப் பென்சிலால் திருத்தாமல் மடிக்க மாட்டார். தப்பைக் கண்டால் கை தானாக எழும்.

இந்தத் திருப்பிக் கேட்கும் வழக்கம் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமிக்குப் பிடிக்கவில்லை. "அக்கா, பிள்ளைக்கு டியூஷன் வேன் வந்துருச்சி. விடைய சொல்லிட்டா வேலை முடிஞ்சிச்சி. முன்னெல்லாம் டக் டக்குனு சொல்வீங்களே!"

சொன்னார்தான். மகள் ஜோஆனுக்கு அப்படித்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தார். மலாய்க் கட்டுரையை அம்மா எழுதுவார், மகள் பார்த்து எழுதுவாள். கணக்கை அம்மா போடுவார், மகள் அழகான எண்களில் இறக்குவாள். காகிதக் கூழில் அம்மா செய்த எரிமலைக்குப் பள்ளியில் முதல் பரிசு. மகள் கோப்பையோடு நின்ற படத்தை ரோசலின் உறவுக்காரர் எல்லாருக்கும் அனுப்பினார். தேர்வுகளுக்கும் வரக்கூடிய கேள்விகளை ஊகித்து, விடைகளை மனப்பாடம் செய்ய வைத்தார். ஊகம் பெரும்பாலும் தப்பவில்லை.

மருந்தியல் படிக்கப் போன ஜோஆன், இரண்டாம் ஆண்டில் பெட்டியோடு திரும்பி வந்தாள். ரோசலின் கத்தினார். எந்தப் பாடம் கஷ்டம், ஏன் அம்மாவிடம் கேட்கவில்லை என்று. மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"கேள்விய பாத்தா ஒண்ணுமே ஓடலம்மா. யோசிக்கவே எனக்குத் தெரியல. இத்தன வருசமா பரீட்சையில 'ஏ' எடுத்தது நீங்கதான்."

அன்றிரவு ரோசலின் சாப்பிடவில்லை. பிறகு மகளிடம் மன்னிப்புக் கேட்கப் பலமுறை வாயெடுத்தார், ஒவ்வொரு முறையும் "சாப்டியா?" என்றுதான் வந்தது.

ஜோஆன் பூச்சோங்கில் ஒரு கைப்பேசிக் கடையில் சில வருடம் வேலைக்கு நின்றாள். இந்த ஆண்டு தானாகவே மருந்தக உதவியாளர் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். சேர்ந்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னாள்.

நேற்று சாப்பாட்டு மேசையில் மருந்தளவுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ரோசலின் எதிரே வெங்காயம் உரித்தார். தலைகீழாகப் பார்த்தாலும் தெரிந்தது, தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்திருந்தது.

"மா, பாக்காதீங்க."

"நான் எங்கடி பாத்தேன்?"

ஜோஆன் பேனாவைக் கடித்தபடி அந்த வரியையே உற்றுப் பார்த்தாள். ரோசலின் கத்தியை வைத்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.