வடக்குப் பார்த்த அறை

தான் செய்த பிழைகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம் என்று என் கணவர் சொல்லுவார். எண்ணட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு விரலை வியன்னாவுக்கென்று நான் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். மெல்பேர்ணில் தார் ரோட்டு உருகுகிற வெயில். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. பள்ளிக்கூட விடுமுறையைப் பார்த்து நாங்கள் நாலு பேரும் கம்பளிக் கோட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிய விமானம் ஏறினோம். பார்த்த சனமெல்லாம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஏன் வியன்னா என்றால், அவர் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் பார்த்த ஒரு பிஸ்கற் ரின்னின் மூடியில் அந்த நகரம் இருந்தது. பனி, கோபுரம், குதிரை வண்டி. ரின்னை வாங்கி வந்தவர் அவருடைய அப்பா, என் மாமா. அந்த மாமா இந்தப் பயணத்துக்கு ஒரு வருஷத்துக்கு முந்தி, ஒரு மார்கழியில் காலமாகிவிட்டார். மெல்பேர்ணுக்குத் தந்தி வந்து சேர முதலே செத்தவீடு முடிந்துவிட்டது. கொள்ளி வைக்கவேண்டிய மூத்த மகன் இங்கே அலுவலகத்தில் பாலத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அதன்பிறகு மனுசன் வேலைக்குப் போனார், சாப்பிட்டார், பிள்ளைகளோடு விளையாடினார். வாய்விட்டுச் சிரிக்க மட்டும் மறந்துபோனார். செத்தவீட்டுத் துடக்கு என்று, அடுத்து வந்த தையில் வீட்டில் பொங்கலும் இல்லை.

ஆகவே இந்த வருஷம் பொங்கியே தீருவது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பச்சையரிசி, வறுத்த பயறு, ஊரிலிருந்து பார்சலில் வந்த சர்க்கரை, கஜு, ஒரு சின்னப் பானை எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினேன்.

“அங்க போயும் பொங்கோணுமே?” என்றார்.

“ரெண்டு வருஷம் அடுத்தடுத்துப் பொங்காட்டி என்ன நினைக்கும்?”

“ஆர் நினைக்கிறது?”

“சூரியன்!”

அவர் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் போய் இருந்தார். நாங்கள் தங்கப்போகிற விடுதிக்காரிக்கு, பொங்கலுக்குச் சூரியன் தெரிகிற கிழக்கறை கேட்டுக் கடிதம் எழுதினார். கிழக்குப் பார்த்த அறை இல்லையாம். தெருப்பக்கம் வடக்கு, முற்றத்துப்பக்கம் தெற்கு, எது வேண்டும் என்று பதில் வந்தது. குளிர்கால வெயில் வடக்கு யன்னலால்தான் வரும் என்பது மெல்பேர்ணில் குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். வீடு வாங்கப் போகிறவன் முதலில் பார்ப்பதே வடக்குப் பக்கத்தைத்தான். ‘வடக்கு’ என்று தட்டச்சில் அடித்து, கீழே இரண்டு கோடும் போட்டு அனுப்பினார்.

வியன்னாவில் இறங்கியதிலிருந்து எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மகன் பனியை அள்ளி அள்ளித் தின்றான். மகள் தெருவில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றாள். நான் சீலைக்குள்ளே அவருடைய காற்சட்டையைப் போட்டு, காலில் றப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஒரு பெரிய அரண்மனைக்கு முன்னால் வழுக்கி விழுந்தேன். தொப்பி போட்ட இரண்டு கிழவர்கள் ஆளுக்கொரு கையாகத் தூக்கினார்கள். சிரிப்பு அடங்காமல் மறுபடி பனியிலேயே இருந்துவிட்டேன். “ரெண்டு பேரும் பாவம், எழும்பும்!” என்றபடி அவர் படம் எடுத்தார். உதடு சிரித்தது. அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் காலை வானம் வெளித்தது. எதிர்க் கட்டடத்தின் யன்னல்களெல்லாம் பளபளவென்று மின்னின. எங்கள் யன்னலிலோ வெயில் மருந்துக்கும் இல்லை.

“இஞ்சருங்கோ, வெயில் முன்வீட்டுக்கு வருது. எங்களுக்கு ஏன் வரேல்லை?”

அவர் பெட்டியிலிருந்து திசைகாட்டியை எடுத்து யன்னல் விளிம்பில் வைத்தார். “வடக்குத்தான். நான் சரியாத்தான் எழுதினனான்,” என்றார். பிறகு திசைகாட்டியைப் பார்த்தார். எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். முகம் கப்பல் கவிழ்ந்த மாதிரி ஆகிவிட்டது. பூமியின் இந்தப் பாதியில் குளிர்கால வெயில் தெற்காலே வரும் என்பது அந்தப் பெரிய இஞ்சினியருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நான் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தேன். “அம்மா, வட்ஸ் ஃபனி?” என்று மகள் கேட்டாள். “உன்ர அப்பா சூரியனை மெல்பேர்ணில விட்டிட்டு வந்திட்டார் பிள்ளை!” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “அப்பா இருந்திருந்தா இதையும் கேட்டுச் சிரிச்சிருப்பார்,” என்று மட்டும் சொன்னார்.

தெற்குப் பக்கத்து அறைகளில் ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பக்கத்தில் மிச்சம் இருந்தது விடுதிக்காரி சமைக்கிற குசினி ஒன்றுதான். அவ ஒரு வயதான விதவை. அறைக்குள் அடுப்பு மூட்டக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தவ. இவர் ஒரு தாளில் சூரியன், பானை, யன்னல் எல்லாம் கீறி, அம்புக்குறி போட்டு, அளவுகூடப் போட்டு நீட்டினார். அவ கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “யா, யா,” என்றா.

தைப்பொங்கலன்று காலை அந்தக் குசினிக்குள் போனேன். அடுப்பில் முகம் பார்க்கலாம், அவ்வளவு சுத்தம். பாலை வைத்தேன். மகளின் கையில் அரிசி. பால் மெல்ல எழும்பி விளிம்புக்கு வந்தது, மகள் வாயைத் திறந்தாள், விடுதிக்காரி பாய்ந்து காஸைக் குறைத்துவிட்டா! பால் அடங்கிவிட்டது.

“நோ! இட் ஹாஸ் டு ஸ்பில்!” என்று மகள் காலை உதைத்துக் கத்தினாள். நான் காஸைக் கூட்டினேன். மறுபடி எழும்பியது. இந்த முறை அவ பானையையே தூக்கிவிட்டா. பாவம், பால் வழிந்தால் அவவுக்கு அநியாயம். வழியாவிட்டால் எனக்கு அநியாயம். இரண்டாவது வருஷமும் பொங்காத வீடா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் முறை பால் எழும்பியது. அவ கையை நீட்டினா. கதவடியில் நின்ற என் கணவர் ஓடிவந்து அவவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தடுக்கத்தான் பிடித்தார். ஆனால் ஊர் ஆட்டத்துக்குப் பேர்போன வியன்னா அல்லவா? மனுசன் ஆடக் கேட்கிறார் என்று அவ நினைத்துவிட்டா. ஏப்ரனோடு அவரை இழுத்து, மேசையைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினா. அந்த ஒரு சுற்றுக்குள் பால் பொங்கி வழிந்தது. அதே நேரம் முகிலுக்குள்ளிருந்து ஒரு வெளிறின வெயில் தெற்கு யன்னலால் வந்து விழுந்தது. “பொங்கலோ பொங்கல்!” என்று மகள் அலறினாள். என்ன ஏதென்று தெரியாமல் மகனும் அலறினான். விடுதிக்காரி அடுப்பைப் பார்த்துத் தலையில் கைவைத்தா.

இவர் கதிரையில் தொப்பென்று இருந்தார். மூச்சு வாங்கியது. பிறகு, மாமா ஒவ்வொரு பொங்கலுக்கும் முற்றத்தில் நின்று கேட்கிற கேள்வியை, அதே குரலில் கேட்டார்.

“எந்தப் பக்கம் பொங்கினது?”

கிழக்கோ வடக்கோ பொங்கினால் நல்லது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. நான் அடுப்பைப் பார்த்தேன். நாலு பக்கமும் பால் ஓடிக்கொண்டிருந்தது.

“வடக்காலை,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் நீர் ஓட, விடுதிக்காரி துடைத்து முடிக்கும்வரைக்கும் சிரித்தார். மாமா போனபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டது அன்றைக்குத்தான்.