குழந்தை வராத குடில்

வெல்டர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் அந்தத் தெருவில் நிற்கிற கேட்டுகளில் பாதி அவர் கையால் பிறந்தவை. அதை யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலும் அவர் அடித்த இரும்புதான். யானை மிதித்தாலும் நெளியாது என்பார்.

அதில் தீவனத்தொட்டி மட்டும் இந்த வருஷம் காலியாகக் கிடந்தது. குழந்தை இயேசுவை அதில் படுக்க வைப்பது மகளுடைய வேலை. நடை பழகிய நாளிலிருந்து அவள்தான் வைப்பாள். அவள் அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. மகள் இப்போது தூரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். பண்டிகையன்று டியூட்டி போட்டுவிட்டார்கள், அப்புறம் வருகிறேன் என்றாள். குழந்தை பஞ்சுக்குள் சுருண்டபடி பீரோவிலேயே இருந்தது.

தெருவில் வாசல்தோறும் தொங்கிய காகித நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. எதிர்க்கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்து, புது வருஷமே பிறந்தாச்சே, இன்னும் குடிலைப் பிரிக்கலையா என்று இழுத்தார். வெல்டர் விடுவாரா? ஆண்டவரின் திருமுழுக்கு ஞாயிறு வரைக்கும் கிறிஸ்துமஸ் காலம்தான், சந்தேகமிருந்தால் சாமியாரிடம் போய்க் கேள் என்று அனுப்பிவைத்தார்.

திருக்காட்சித் திருநாளில், குழந்தையைத் தேடி வந்த ராஜாக்களான மூன்று ஞானிகளின் பொம்மைகளையும் ஒட்டகத்தோடு கொண்டுவந்து குடிலில் நிறுத்தினார். தையல்காரர் மறுபடி வந்தார்.

"ஏண்ணே, ராஜாக்களே வந்து சேந்துட்டாங்க. பாக்க வந்த புள்ளையக் காணோமே?"

"வந்துக்கிட்டே இருக்கு. நீ போய் உன் காஜாவப் பாரு."

அந்தத் திருமுழுக்கு ஞாயிறும் வந்தது. அன்றைக்குக் கட்டாயம் வருவதாக மகள் சொல்லியிருந்தாள். காலைப் பூசையில் சாமியார், கிறிஸ்துமஸ் காலம் இன்றோடு முடிகிறது, நாளையிலிருந்து பச்சை உடுப்பு, பொதுக்காலம் ஆரம்பம் என்றார். வெல்டர் வீட்டுக்கு வந்து கேட் கீலுக்கு எண்ணெய் விட்டார். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் மறுபடி எண்ணெய் விட்டார்.

சாயங்காலம் போன் வந்தது. லீவு கிடைக்கவில்லையாம்.

"சரிம்மா. எனக்கும் இங்க தலைக்கு மேல வேலை."

"குழந்தைய நீங்களே வெச்சிட்டீங்களாப்பா?"

"அன்னைக்கே வெச்சாச்சு. தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு."

"நல்லவேளை. எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பீங்களோன்னு நெனச்சேன்."

"எனக்கு வேற பொழப்பில்ல பாரு."

போனை வைத்துவிட்டு பீரோவைத் திறந்தார். நாலு ஆள் தூக்கும் கேட்டைத் தனியாளாய் நிமிர்த்தியவருக்குப் பஞ்சைப் பிரிப்பதற்குள் வியர்த்துவிட்டது. தொட்டிக்குள் அவர் கட்டைவிரல் நுழையவில்லை. மகளின் பிஞ்சுக் கைக்கு அளவெடுத்து அடித்த தொட்டி. சரித்து, நழுவவிட்டு, ஒருவழியாகப் படுக்க வைத்தார்.

குடில் விளக்கைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, தையல்கடை சாத்தியிருந்தது. கூப்பிட்டுக் காட்ட ஆளில்லை. உள்ளே போய் ஸ்டூலை இழுத்துப்போட்டு, ஞானிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.