மணல் குழியும் கறுப்புக் குடையும்

ஒன்றரை வயதாகியும் தம்பி நிற்கவில்லை. தூக்கி நிறுத்தினால் இரண்டு கால்களும் இடுக்கி போல வெளிப்பக்கம் வளையும். உடனே வீறிட்டு அழுவான். எட்டு வயதில் அவனைச் சுமந்து சுமந்தே எனக்கு வாழ்க்கை அலுத்துவிட்டது. அவன் நடக்க வேண்டும், என் இடுப்பு பிழைக்க வேண்டும். வேறு வேண்டுதல் எனக்கு இல்லை.

அது எண்பதுகளின் கடைசி. அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் போல்ட் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். இருட்டோடு போய், விளக்கு வைத்த பிறகு வருவாள். புடவைகூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து தம்பிக்குப் பால் கொடுப்பாள், கொடுத்தபடியே தூங்கிவிடுவாள். பகலெல்லாம் அவனுக்கு ஜவ்வரிசிக் கஞ்சிதான். எங்கள் வம்சத்திலேயே சிவப்பாகப் பிறந்தவன் என்பதால், அப்பாவின் அக்காவான அத்தை அவனை வெயிலில் வாசல்படி தாண்ட விட்டதில்லை.

நடக்காத பிள்ளையை இடுப்பளவு மணலில் புதைத்து நிறுத்தினால் கால் உறுதிப்படும் என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் இருந்த மேனாம்பேட்டில் அப்போது மணலுக்குப் பஞ்சமா? தெருவுக்கு நாலு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அத்தை குழி தோண்டி அவனை நிறுத்தினாள். குடை பிடிப்பது என் வேலை.

"குடைய நேரா புடிடி, புள்ள கறுத்துடப் போறான்!"

ஒரு மாதம் கை கடுக்கப் பிடித்தேன். மணலால் ஆகாவிட்டாலும் கொஞ்சம் வெயிலாவது அவன் மேல் பட்டிருக்கும். அதையும் நான்தான் மறைத்துக்கொண்டு நின்றேன். கால் இன்னும் வளைந்ததுதான் மிச்சம்.

கடைசியில் அம்மா லீவு போட்டுவிட்டு எங்களோடு டாக்டரம்மாவிடம் வந்தாள். பிள்ளையை வெயிலில் விடுவதுண்டா என்று அவர் கேட்டதும் அத்தை பெருமையாக, "ஒரு பொட்டு வெயில் பட்டதில்ல டாக்டர். ஊட்டுக்குள்ளயேதான் கீறான், மணல்ல நிறுத்தினப்பகூட குடைதான்," என்றாள். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வெயில் படாமல் எலும்பு பலமில்லாமல் போய்விட்டது, ஜவ்வரிசியில் சத்து ஏது, கேழ்வரகும் முட்டையும் கொடுங்கள் என்று திட்டிக்கொண்டே மருந்து எழுதினார். பிறகு அம்மாவிடம், "உன் உடம்புல சத்து இருந்தாத்தானேம்மா பால்ல வரும்? நீ வெயிலப் பாத்து எத்தனை நாளாச்சு?" என்றார். அம்மா சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மருந்தும் முட்டையும் மொட்டைமாடி வெயிலும் வேலை செய்தன. இரண்டு வயது தாண்டித் தம்பி நடந்தான். என் இடுப்பு பிழைத்தது.

அவன் தத்தித் தத்தி ஓடுவதைப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறி மாடிக்கு வருவாள். வந்ததும் வெயிலிலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். வாரமெல்லாம் உழைத்தவள் இப்படிக் காய்கிறாளே என்று எனக்கு மனசு தாங்காது. தம்பிக்கு வேண்டாமல் மூலையில் கிடந்த குடையை எடுத்து வந்து, ஒரு பொட்டு வெயில் படாமல், அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பேன்.