காட்டெருமைக்கு எந்தச் சன்னம்

அப்பா சண்டைக்குத் திரும்பிப் போகப்போகிறார் என்று பத்து வயதில் நான் முழுசாக நம்பினேன். அதுவும் தனியாக. அதுவும் ஒரேயொரு துவக்குச் சன்னத்தோடு, ஒற்றைக் குண்டோடு. துவக்கை அங்கே போய் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்வார் என்பது என் எண்ணம்.

அப்பாவைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கண்ணாடி போடாவிட்டால் அவருக்குப் பஸ் இலக்கம் தெரியாது. எதிர்வீட்டு நாய் குரைத்தால் தெருவைக் கடந்து மற்றப் பக்கத்தால் நடப்பார். ஊரைவிட்டு நாங்கள் குடிவந்திருந்த சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிற மனிதர். ஆனால் ஊரில் சித்தப்பாவை இராணுவம் சுட்டது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, ஒருவரும் வாய்திறந்து கதைக்காத விஷயம். மாதா படத்துக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் படம் இருந்தது. அப்பா அந்தப் பக்கம் பார்க்காமலே செபம் சொல்லுவார். சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்துப் பார்த்த வீடியோ கசட்டுகளிலோ, தம்பியைப் பறிகொடுத்த எந்த அண்ணனும் சும்மா இருந்ததில்லை. அப்பா மட்டும் ஏன் இவ்வளவு காலமும் சும்மா இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. அந்தப் பெப்ரவரியில் குழப்பம் தீர்ந்தது. மனிதருக்கு இதுவரை சன்னம் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது.

கண்டுபிடித்தது ஒரு பள்ளிக்கூட விடுமுறை நாளில். என்னுடைய கையுறையைக் காணவில்லை. அப்பாவின் பழைய கோட்டுப் பைக்குள் இருக்கும், பார் என்றார் அம்மா. கையை விட்டேன். கைக்குட்டையில் சுற்றிய ஏதோ ஒன்று பாரமாக வந்தது. அவிழ்த்தால், பெரியவர்களின் சுண்டுவிரலில் இரண்டு கணு அளவுக்கு, செப்பு நிறத்தில், மூக்கு மொழுமொழுவென்று உருண்ட ஒரு சன்னம். ஊரில் நான் முற்றத்தில் பொறுக்கிய எதுவும் இவ்வளவு தடிப்பில்லை. யானையையே விழுத்தலாம்போல இருந்தது. அப்பாவின் கோபம் அவ்வளவு பெரிதாக்கும் என்று நினைத்தேன்.

ஊரில் சுற்றிவளைப்பு என்று யாராவது கத்தினால் அம்மா முதலில் ஓடுவது கிணற்றடிக்குத்தான். பற்றரி, வயர்த்துண்டு, நான் சேர்த்து வைத்த வெற்றுச் சன்னக் கோதுகள், ஒருமுறை சித்தப்பாவின் பச்சைக் காற்சட்டை எல்லாம் கிணற்றுக்குள் போகும். இதில் ஏதாவது வீட்டில் அகப்பட்டால் இராணுவம் ஆளைக் கொண்டுபோய்விடும். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எனக்கு இரும்புச்சத்துக் குறைவென்று இன்றுவரை எந்த வைத்தியரும் சொன்னதில்லை.

சன்னம் தொலைந்தால் அப்பா போகமாட்டார். பொலிஸ் வந்தாலும் பிடிபடமாட்டார். ஆக எனக்கு வேண்டியது ஒரு கிணறு. சென்ட் லோரன்டில் கிணற்றுக்கு எங்கே போவது? கழிப்பறை நினைவுக்கு வந்தது. ஆனால் எங்கள் குழாய் கீழ்வீட்டுக்காரரின் கூரைக்கு மேலால் போகிறது. சுற்றுமுற்றும் பார்த்தேன். வீட்டுக்கு முன்னால் தெருவோரம் என் உயரத்துக்குப் பனி குவிந்து கிடந்தது. தோள்மூட்டு வரைக்கும் கையை உள்ளே விட்டு, சன்னத்தை அங்கே விட்டுவிட்டு வந்தேன். உள்ளே வந்து ஒரு கோப்பை பால் குடித்தேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியவன் பால் குடிப்பதுபோல, மெதுவாக.

பால் முடியமுன் சங்கு கேட்டது.

இந்த ஊரில் குளிர்காலம் கழித்தவர்களுக்கு அந்தச் சங்கு தெரியும். காரை எடு, பனி அள்ள வருகிறோம் என்று ஊதுகிற சங்கு. அதற்குப் பின்னால் இரும்புப் பல்லோடு மெசின் வரும். குவிந்த பனியை அரைத்து லொறிக்குள் துப்பிக்கொண்டே போகும். என் மூளை அப்போது மிக வேகமாக வேலை செய்தது. சன்னம் பல்லில் படும். வெடிக்கும். சாரதி சாவார். அப்பாவை மறித்துவிட்டு, கடைசியில் நான் கொலைகாரன்.

வீட்டுச் செருப்போடும் கை வைக்காத பெனியனோடும் ஓடினேன். நிறுத்துங்கோ நிறுத்துங்கோ என்று பிரெஞ்சில் கத்தினேன். சாரதி கண்ணாடியை இறக்கி, எதைத் தொலைத்தாய் என்று கேட்டார். துவக்குச் சன்னம் என்று சொல்லவா முடியும்? கையுறை என்றேன். "கவலைப்படாதே, பனி கரைய அகப்படும்" என்று சிரித்துவிட்டு மெசினை விட்டார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, படிக்கட்டில் குந்திவிட்டேன். அருள் நிறைந்த மரியே பாதியில் மறந்துபோய், பெருக்கல் வாய்ப்பாட்டில் எட்டாம் வாய்ப்பாடு வந்தது. அதையே செபமாகச் சொன்னேன்.

ஒன்றும் வெடிக்கவில்லை. லொறி போய்விட்டது. கண்ணைத் திறந்தபோது தெரு துடைத்து விட்டதுபோல இருந்தது.

வேலையால் வந்த அப்பா சாப்பிடமுன் அந்தப் பழைய கோட்டுப் பைக்குள் கையை விட்டார். மற்றப் பைக்குள் விட்டார். பிறகு கோட்டைத் தலைகீழாக உதறினார்.

"என்னத்தைத் தேடுறியள்?" என்றார் அம்மா.

"ஒண்டுமில்லை."

அந்த ஒண்டுமில்லையில் நான் உடைந்துபோனேன். "அப்பா, போகாதேங்கோ" என்று காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். சண்டை, பழி, பனி, மெசின், சாரதி. அப்பா சப்பாத்துத் தட்டில் அப்படியே இருந்துவிட்டார். அம்மாதான் முதலில் பேசினார். "அவனை ஏசாதேங்கோ. கிணத்துக்கை போடப் பழக்கினது நான்தானே. நீங்கள் ஏன் உந்தச் சனியனை வீட்டுக்கை கொண்டந்தனீங்கள்?"

"கீழ்வீட்டு முசியேட்டைக் கேட்டு வாங்கினது. பாத்திட்டுக் குடுக்கவேணும்" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "வா தம்பி, கீழை போவம். நீதான் கதைக்கவேணும்."

முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, எங்கள் வீட்டின் சொந்தக்காரர். வேலையால் ஓய்வுபெற்றவர். பெரிய வயிறும் அதைவிடப் பெரிய சிரிப்பும் உள்ளவர். கோடையில் ஆபிரிக்காவுக்குப் போய்க் காட்டெருமை சுடுவதற்காக மாதக்கணக்காக நிலவறையில் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். பனி வழிக்கப் போன இடத்தில் அப்பாவுக்கு அவரோடு பழக்கம். அப்பாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஷூரும் மெர்சியும் மட்டும், வணக்கமும் நன்றியும். அந்த இரண்டு சொல்லோடும் கையோடும் இவ்வளவு நாளும் எப்படிக் கதைத்தார்களோ தெரியாது.

என் கதையைக் கேட்டு முசியே இருமும்வரை சிரித்தார். நான் புதைத்தது வெறும் தலைதானாம். கோதும் வெடிமருந்தும் இல்லாத சன்னம் வெடிக்காது, அது ஒரு கூழாங்கல் மாதிரி என்றார். ஆகாயம் அளவு பயந்தது ஒரு கூழாங்கல்லுக்கு. வெட்கத்தில் நான் அவருடைய மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேசையில் நீளவாக்கில் அறுத்த இரண்டு சன்னங்கள் இருந்தன. ஒன்றின் வயிற்றில் சாம்பல் நிற ஈயம். மற்றது உள்ளும் புறமும் ஒரே உலோகம். முசியே பாடம் எடுக்கத் தொடங்கினார். ஈயம் வைத்தது உடம்புக்குள் போனதும் காளான்போல விரிந்து நிற்கும், மிருகம் கெதியாக விழும். ஆனால் காட்டெருமையின் தோள் எலும்பு நல்ல தடிப்பு. அதில் பட்டு முன்னமே விரிந்துவிட்டால் நெஞ்சுவரை போகாது. கட்டியான மற்றது விரியாது. எலும்பைத் துளைத்து நேரே போகும். சில வேளை மறுபக்கத்தால் வெளியே வந்து, பின்னால் நிற்கிற இன்னொன்றிலும் படும். முதல் வெடிக்கு எதைப் போடுவது என்றுதான் நாலு மாதமாக யோசிக்கிறாராம்.

அப்பா மேசைக்குக் கிட்ட வந்தார். அறுத்த கட்டிச் சன்னத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"உது குறுக்காலை போய் வெளியிலை வந்திட்டால், உடனை சாகாதோ எண்டு கேள்."

கேட்டேன். முசியேயின் சிரிப்பு நின்றது. நெஞ்சிலோ ஈரலிலோ படாவிட்டால் விழுந்து கிடக்கும், மணிக்கணக்காக உயிர் போகாது என்றார். "எனக்கு அதின்ரை கொம்பிலை பயமில்லை, அப்பிடிக் கிடக்க விட்டிடுவனோ எண்டுதான் பயம்" என்று அவர் சொன்னதாக நான் அப்பாவுக்குச் சொன்னேன்.

"தண்ணி விடாய்க்குமோ?" என்றார் அப்பா.

விடாய்க்கும், தண்ணீர் இருக்கிற பக்கம் பார்த்துத்தான் இழுபட்டுப் போகும் என்றார் முசியே.

அப்பா சன்னத்தின் அறுத்த பக்கத்தை விரலால் தடவினார். பிறகு முசியேயையும் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் கேட்டார்.

"பக்கத்திலை ஆரும் இருந்து மெதுவாக் கதைச்சால், அதுக்குக் கேக்குமோ?"

எனக்குத் தலையைச் சுவரில் மோதலாம்போல இருந்தது. காட்டெருமைக்குப் பக்கத்தில் போயிருந்து யார் கதைப்பது? என்ன மொழியில்? முசியேயின் பேத்தி என் வகுப்பு. நாளைக்குப் பள்ளிக்கூடம் முழுக்க இது கதையாகிவிடும். ஆகவே நான் ஒரு வேலை செய்தேன். முசியேயைப் பார்த்து, நீங்கள் போகிற இடத்தில் சிங்கம் இருக்குமா என்று கேட்டேன்.

அவருக்குப் பெரிய சந்தோசம். கையை ஆட்டி, ஒருமுறை உறுமிக்கூடக் காட்டி, நீளமாகச் சொன்னார். அந்தப் பக்கம் சிங்கம் வருவது அபூர்வம், தான் காணப்போவதில்லை என்று கடைசியில் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல் வசதியாகப் போய்விட்டது.

"கேக்காதாம் அப்பா. அந்த நேரம் காது வேலை செய்யாதாம்" என்றேன். நம்பட்டும் என்று ஒன்றைக் கூட்டியும் விட்டேன். "அவருக்கு வடிவாத் தெரியுமாம்."

அப்பா முசியேயைப் பார்த்தார். அவர் இன்னமும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார் அப்பா. சன்னத்தை மேசையில் வைத்தார். தானே மெர்சி சொன்னார். படியேறும்போது நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

"நீங்கள் சண்டைக்குப் போகமாட்டியள்தானே?"

"நான் எங்கை போறது" என்றார்.

அதற்குப் பிறகு அப்பா கீழே போகவில்லை. முசியே ஆபிரிக்கா போய் வந்து கொம்பு காட்டக் கூப்பிட்டபோதும் அம்மாவும் நானும்தான் போனோம். எந்தச் சன்னத்தைப் போட்டார் என்று கேட்க எனக்கு நினைவு வரவில்லை. அன்றைய என் கெட்டித்தனத்தை நான் பல வருடங்களாகக் கலியாண வீடுகளில் பகிடியாகச் சொல்லிவந்தேன். அப்பாவும் அந்த மேசைகளில் இருந்திருக்கிறார். எழும்பித் தண்ணீர் எடுக்கப் போவார்.

அப்பா இறந்து முதலாம் ஆண்டுத் திருப்பலி முடிந்த அன்று, இல்-பிசாரில் என் வீட்டுச் சமையலறையில், அம்மா தேயிலை போட்டுக்கொண்டே சொன்னார். சித்தப்பா விழுந்தது எங்கள் வேலிக்கு வெளியே, ஒழுங்கையில், காலமை. சன்னம் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வந்திருந்தது. சந்தியில் இராணுவம் நின்றது. வேலிக்கு உள்ளே அப்பா, மூன்று வயதுப் பிள்ளையான என்னை நெஞ்சுக்குள் அமத்தி, என் வாயைப் பொத்தியபடி மண்ணோடு மண்ணாகக் கிடந்தார். தண்ணி தண்ணி என்ற சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. ஆனால் மூச்சு இருந்தது. அப்பா வேலியில் முகத்தை வைத்து, நான் இஞ்சைதான் இருக்கிறன் என்று, மத்தியானம் வரைக்கும் தம்பியோடு மெதுவாகக் கதைத்துக்கொண்டே இருந்தார்.