தங்கக் குழியில் என் மாமனார் கண்டது

என் மாமனார் தோண்டிய கிணறு அறுபதடியில் பாறையில் முட்டி நின்றபோது, அவருடைய கண் என் கழுத்துக்கு வந்தது. வாய்விட்டுக் கேட்கமாட்டார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர்கள் மருமகளிடம் நகையை நேராகக் கேட்பது மரியாதை இல்லை. சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னும் ரெண்டாள் ஆழம் எறங்குனாப் போதும். வெடி மருந்துக்குத்தான் வழியில்லை" என்று சோற்றிடம் சொல்வார். அடுத்த கவளத்துக்கு என் சங்கிலியைப் பார்ப்பார். என் கணவர் ரசத்தைப் பார்ப்பார்.

அது மூன்று வடச் சங்கிலி. கல்யாணத்தன்று என் அம்மா தன் கழுத்திலிருந்து கழற்றி எனக்குப் போட்டது. அதைப் பாறைக்குள் வைத்து வெடிக்க எனக்கு மனம் வரவில்லை.

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய காலம் அது. என் அண்ணன் நீலகிரிக்கு மேற்கே, பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்தான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு வெள்ளைக்காரர்கள் ஈசலாக வந்து மொய்த்தார்களாம். பங்களா, ஓட்டல், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் கட்டி, சில வருஷத்தில் அத்தனையும் போட்டுவிட்டு ஓடினார்களாம். வேடிக்கை பார்க்க வரச்சொல்லி எழுதியிருந்தான். எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை தோன்றியது. "மாமாவைக் கூட்டி வருகிறேன். குழிகளைக் காட்டு. தோண்டினவர்கள் குடி கெட்ட கதையை உப்புக் காரம் சேர்த்துச் சொல்" என்று பதில் போட்டேன். வீட்டில், ஊர் பார்க்கப் போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

ஈரோட்டில் ரயில் ஏறி மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து மோட்டாரில் மலை ஏறினோம். மாமனாருக்கு மலை அழகு எதுவும் கண்ணில் படவில்லை. வழியில் தெரிந்த ஒவ்வோர் ஓடைக்கும், "சும்மா போகுது பாரு" என்று என் கணவரைத் திட்டிக்கொண்டே வந்தார். ஏதோ அவர்தான் திறந்து விட்டவர் மாதிரி.

அண்ணன் என் பேச்சைத் தட்டவில்லை. உண்ணிச்செடிப் புதருக்குள் எங்களை இழுத்துக்கொண்டு போய், "இதுதான் பாங்கி, இதுதான் ஓட்டல்" என்று குட்டிச்சுவர்களைக் காட்டினான். ஓட்டலில் ஒரு எருமை தங்கியிருந்தது. கடைசியில் முள் அடைத்த ஒரு பெரிய குழியின் ஓரத்தில் நிறுத்தினான்.

"கப்பல் கப்பலா மிஷின் கொண்டாந்தாங்க மாமா. குண்டுமணித் தங்கம் தேறலை. சொத்தை வித்தாங்க. பொண்டாட்டி நகையைக்கூட வித்துத் தோண்டினாங்க" என்றவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மாமனார் குனிந்து ஒரு கல்லை எடுத்துக் குழிக்குள் போட்டார். தொபுக்கென்று சத்தம் வந்தது. அவர் முகமே மாறிவிட்டது.

"தண்ணிங்களா அது?"

"ஆமாங்க. அதுதான் அவங்களைக் கெடுத்தது. முப்பதடியிலயே ஊத்து. ராப்பகலா மிஷின் வெச்சு எறச்சும் வத்தலை."

"வத்தவே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"எறச்ச தண்ணிய எந்த வெள்ளாமைக் காட்டுக்குப் பாய்ச்சுனாங்கொ?"

"பாய்ச்சலீங்க. பள்ளத்துல உட்டுட்டாங்க."

மாமனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடப் பாவிகளா!" என்றார். தேசமே வெள்ளைக்காரன்மேல் கோபமாக இருந்த நாளில் சும்மா இருந்த மனிதருக்கு அன்றுதான் கோபம் வந்தது.

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மடி நிறையக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு குழி குழியாகப் போய்ப் போட்டுப் பார்த்தார். எல்லாம் தொபுக். "கேட்டியா அம்மணி! முப்பதடி! எத்தனை சோடி எருது கட்டி எறச்சாலும் தாங்கும். இதையப் போட்டுட்டு ஓடீருக்கானுங்க!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க மாமா, தோண்டித் தோண்டியே அழிஞ்சு போனாங்கன்னு அண்ணன் சொன்னது காதுல உழுகலீங்களா?"

"உழுந்துச்சு சாமி" என்றார், குழியைப் பார்த்தபடியே. "அவிங்களுக்கு எடம் சரியில்லை, கப்பலேறிப் போயிட்டாங்க. நா நம்மூருக் காட்ட உட்டுப்போட்டு எங்க போவேன்?"

சங்கிலியை மனத்தில் வைத்து அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நாலு வார்த்தை பதில் வைத்திருந்தேன்.

திரும்பும்போது, ஈரோடு வருமுன் ரயிலிலேயே சங்கிலியைக் கழற்றி என் கணவர் கையில் திணித்தேன். மனம் உருகிக் கொடுத்தேன் என்று அவர் பின்னாளில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது பொய். எரிச்சலோடுதான் கொடுத்தேன். என் செலவில் கூட்டிப்போய், என் யோசனையை நானே அந்தக் குழியில் தள்ளியிருந்தேனே!

நாலு மாதத்தில் பாறை உடைந்து தண்ணீர் வந்தது. முதல் செம்பை மாமனார் குடித்தார். "சக்கரையாட்டம் இருக்குது சாமி" என்றார். என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு, செம்பை என்னிடம் கொடுத்துத் தோப்புப் பக்கம் பார்க்கத் தொடங்கினார். நான் குடித்தேன். ஒரே உப்பு. நான் ஏதாவது சொல்வதற்குள் மாமனார் என் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டார். மஞ்சள் கயிறு மட்டும் கிடந்த என் கழுத்தை ஒரு தரம் பார்த்தார். மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.