உள்ளங்கையில் எண்ணெய்

2024 ஜூலை 9, செவ்வாய். வழக்கம்போல ஜீவனஹள்ளி வீட்டில் பால் காய்ச்சி, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, அம்மாவுக்கு இட்லி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வியாழக்கிழமை அம்மாவுக்கு இதய வால்வு ஆபரேஷன்.

மாலையில் அக்கா திடீரென்று சர்ச்சிலிருந்து பங்குச் சாமியாரை அழைத்து வந்தாள், நோயில் பூசுதல் கொடுப்பதற்கு. அம்மா இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"யாருடி கூப்பிட்டது? உங்கப்பாவுக்கும் இப்படித்தான் எண்ணெ பூசுனாங்க. மறுநாளே போயிட்டாரு."

"சாகப்போற நேரத்துல மட்டும் பூசுனது அந்தக் காலம்மா. இப்ப ஆபரேஷனுக்கு முன்னாடியே பூசுறாங்க," என்றாள் அக்கா.

சாமியார் சிரித்தார். "எனக்கே முட்டி ஆபரேஷனுக்கு முன்னாடி பூசுனாங்கம்மா. இப்ப மாடி ஏறித்தான் வந்தேன்."

"ஏன், லிஃப்ட் ஓடலையா சாமி?" என்று கேட்டபடியே அம்மா கைகளை நீட்டினார். சாமியார் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபித்தார்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. என்னைக் கேட்காமல் அக்கா எதையும் ஏற்பாடு செய்பவள் அல்ல. டாக்டர் அவளிடம் தனியாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் எதிரில் அதைக் கேட்க முடியாமல் பேசாமல் நின்றேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அக்காவிடம் சொல்லாமல் டாக்டரைப் பார்க்கப் போனேன். அவருடைய அறை வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்கடா இங்க?"

"நீ எதுக்கு வந்த?"

"எதுக்கெடுத்தாலும் சண்டை போடுவ. நேத்து சாமியாரைப் பார்த்தும் வாயே திறக்கல. டாக்டர் உன்கிட்ட மட்டும் ஏதோ சொல்லிட்டாருன்னு நெனச்சேன்."

கதவு திறந்ததும் இருவரும் சேர்ந்தே உள்ளே போனோம்.